அடிக்குறிப்பு ஒன்பது

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
சரக்கு ரயில் பாதி கடந்து நின்றுவிட்டது,
ஏன் என்று அதற்கே தெரியாது.
ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் சீட்டில் நாங்கள் ஐந்து பேர்,
என் மடியில் நாற்பத்தோரு தாள்கட்டுகள்.
எதிலும் பெயர் இல்லை. எண் மட்டும்.
சட்டக் கல்லூரி ஆய்விதழுக்கு ஆள் எடுக்கிறோம்.

ஏழு இடம். மூன்று நாள் கெடு.
எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு: கால்வாய்க் கரை,
நூற்றுப் பதினெட்டு வீடுகள், ஓர் இடிப்பு ஆணை.
அதை இரண்டாயிரம் சொல்லில் அலசி எழுத வேண்டும்.
வாதத்துக்கு ஐம்பது, நடைக்கு இருபது,
மேற்கோள் முறைக்கு முப்பது.
சாய வேண்டிய எழுத்து நேராக நின்றால் கால் போகும்.
மூலம் இல்லாத அடிக்குறிப்புக்கு அரை.
இதையெல்லாம் டைப் அடித்தவள் நான்.
யூனுஸ் ஒற்றுப்பிழை பார்த்தான்.
பெயரை எங்காவது காட்டினால்
தாளே தள்ளுபடி என்பது ஹெப்சிபா சேர்த்த வரி.
அதற்கு நாங்கள் கைதட்டினோம்.

எண்ணுக்குப் பின்னால் ஆள் ஒளிவது கஷ்டம்.
பன்னிரண்டு, தடித்த வெள்ளைத் தாள்;
காசு கட்டினால் மட்டும் திறக்கும் தளத்திலிருந்து
பதினாறு தீர்ப்புகள்.
அப்பா சேம்பரின் கடவுச்சொல் என்று எழுதவில்லை, அவ்வளவுதான்.
இருபத்தாறில் எல்லாப் பக்கத்துக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு:
மின்ட் மணிக்கூண்டுக்கு எதிர்க் கடை, பக்கம் ஒரு ரூபாய்,
அந்த மெஷினை எனக்குத் தெரியும்.
என் முதல் வருட ரெக்கார்டிலும் அதே கோடு.

ரயில் நகர்வதற்குள் ஒன்று படிக்கலாம் என்று
முப்பத்தொன்றை எடுத்தேன்.
வாதம் நன்றாக இருந்தது. நடை கொஞ்சம் முரடு.
பதினான்காம் பத்தியில் நீதிபதி சொல்கிறார்:
இடிக்கும்போது வீடுகள் காலியாக இருந்தன.
அதன் தலையில் ஒரு சின்ன ஒன்பது.
கீழே போனேன்.
"காலி இல்லை. அடுப்பில் உலை கொதித்தது. பார்க்க: நான்."

கையேட்டைப் புரட்டினேன்.
சட்டத்துக்கு முறை உண்டு, மசோதாவுக்கு உண்டு,
அச்சேறாத கடிதத்துக்கு,
தந்திக்குக்கூட உண்டு.
நேரில் கண்டவருக்கும் உண்டு, ஆனால்
பெயர், இடம், தேதி தர வேண்டும்.
பெயர் தந்தால் தள்ளுபடி.
தராவிட்டால் அரை.
பின்னால் ஒரு லாரி கையை எடுக்காமல் ஹாரன் அடித்தது.
ரயிலைப் பார்த்து ஹாரன் அடிக்கிற ஊர் இது.
பென்சிலால் அரை குறைத்தேன்.

முப்பத்தொன்று ஐந்தாவதாக வந்தது.
உறையைப் பிரித்தால் அ. டில்லிராணி, இரண்டாம் ஆண்டு, பி பிரிவு.
தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று
ஒன்பதின் மேல் விரல் வைத்து
"இந்த அரைய யாருக்கா எடுத்தது?" என்றாள்.
"விதி" என்றேன்.
"எங்க வீட்லயும் எல்லாத்துக்கும் அதான் சொல்லுவாங்க."
சிரித்தாளா என்று தெரியவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வேலை
அடுத்தவர் அடிக்குறிப்பைச் சரிபார்ப்பது.
சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு என் கட்டுரை விழுந்தது.
அறுபத்திரண்டு குறிப்புகள், அறுபத்திரண்டுக்கும் மூலம்.
மேல்முறையீட்டாளர் பெயரில் தொடங்கி
மற்றும் பலர் என்று முடியும் ஒரு வழக்கு.
பலரில் ஒருத்தி என் அம்மா என்பதற்கு
எங்கும் நான் எண் போடவில்லை.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது.
மூன்று காற்புள்ளி, ஒரு பக்க எண்,
பிறகு நாற்பதாம் குறிப்பில்,
நாளிதழ், பதிப்பு, பக்கம் ஏழு என்று
எல்லாம் முறைப்படி நிற்கிற இடத்தில், பென்சிலில்:
"தேதி தப்பு. திங்கள் இல்லை, செவ்வாய்."
மூலம் எதுவும் தரவில்லை.

செவ்வாய்தான்.
அன்றுதான் தண்ணி லாரி வரும்.
குடங்கள் எல்லாம் வெளியே வரிசையில் இருந்தன.